உப்பிய பாக்கெட்டை எண்ணியவன்

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, பாதி சாராயம், பாதி நகப்பூச்சு. அது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிவிடுகிறது. போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு எழுதுபொருள் கடையில், பள்ளி ஆசிரியை போலிருந்த ஒருவர் பேனாவை ஒவ்வொன்றாகத் திறந்து அட்டையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிட்டேன். மோனோரயில் தூணுக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே ரயில் உறுமிப் போகும்வரை, என் பழைய வெட்கத்தை அதன் சத்தத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

நானும் ஒரு காலத்தில் பயிற்றுநர். ஒரு காலம் என்றால் நான்கு சனிக்கிழமைகள்.

கவிதை எனக்குச் சோறு போட்டதில்லை, ஊறுகாய் போட்டிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, மணிவிழா எதுவானாலும் வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பேன். அச்சகக்காரர் அதற்குத் தங்கநிற ஓரம் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துவிடுவார். கிள்ளானிலிருந்து பூச்சோங் வரை எத்தனையோ வீட்டுக் கூடங்களில் நான் சுவரில் தொங்குகிறேன். பெரும்பாலும் கடிகாரத்துக்குக் கீழே. யாரும் படிப்பதில்லை. ஆனாலும் யாரும் கழற்றியதில்லை என்பதே என் இலக்கியச் சாதனை.

சோற்றுக்கு மொழிபெயர்ப்பு. அப்படித்தான் ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார்.

"சார், நீங்க தமிழ்ல நல்லா பேசுவீங்கன்னு சொன்னாங்க. நம்ம சின்ன வியாபாரிங்களுக்கு ஒரு கோர்ஸ் நடத்தணும். காம்பெட்டிட்டிவ் இன்டெலிஜென்ஸ் தெரியும்தானே?"

"தெரியுமே" என்றேன். ஐம்பதை நெருங்கும் ஓர் ஆண், போனில் ஒரு பெண் கேட்கும்போது, தெரியாது என்று சொன்னதாக வரலாறு இல்லை.

பயிற்றுநருக்கே முதலில் பயிற்சி உண்டு என்று மூன்று நாள் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் உட்கார வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் பொறுமையானவர். போட்டியாளன் என்ன செய்கிறான், இனி என்ன செய்யப் போகிறான் என்பதை வெளியில் கிடக்கும் தடயங்களிலிருந்தே நேர்மையாகத் தெரிந்துகொண்டு, அதை வைத்து நம் முடிவை எடுப்பது, அவ்வளவுதான் இந்தக் கலை என்றார். ஆண்டறிக்கையைப் படியுங்கள், காப்புரிமைப் பதிவுகளைத் தேடுங்கள், வேலை விளம்பரங்களை வெட்டி வையுங்கள் என்றார். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டேன். எனக்குக் கையெழுத்து எப்போதுமே அறிவைவிட ஒரு படி மேல்.

கையேட்டைத் தமிழாக்கியதும் நான்தான். முதல் பக்கத்தில், வளரும் பொருளாதாரத்தில் தகவலே மூலதனம் என்று இருந்தது. அடியில் மூன்று விதிகள்: பொய் சொல்லாதே. நீ யார் என்று சொல்லிவிட்டுக் கேள். மறைத்து வைத்திருப்பதைத் தொடாதே. அவற்றைச் சிகரெட் பெட்டியின் எச்சரிக்கை வாசகம் போல மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது வேறு. வேவு! குளிர் கண்ணாடி! மழை பெய்யும் தெரு, எதிர்ப்பக்கம் ஒரு மனிதன். அந்த மனிதன் நான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியறை. குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நீல வாளி. தேநீர் இடைவேளைக்கு வந்த கறிபாப் பலகாரத்தின் எண்ணெய் வாசனை, அதன் மேல் மார்க்கரின் வாசனை. எதிரே பத்துப் பன்னிரண்டு வியாபாரிகள். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட்டுவிட்டவர் கம்போங் மேடானில் டயர் கடை வைத்திருந்தவர்.

"போட்டியாளரின் ஆண்டறிக்கையை வாசிக்க வேண்டும்" என்றேன்.

"பாஸ், என் போட்டிக்காரன்கிட்ட ஆண்டறிக்கை எல்லாம் இல்ல. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்துச்சு. அதையும் எலி தின்னுடுச்சுன்னு போன வாரம் அவனே சொன்னான்."

அறை சிரித்தது. நானும் சிரித்தேன், பயிற்றுநர் சிரிக்கலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு.

"காப்புரிமைப் பதிவு..."

"டயர் ஓட்டைக்கா லா?"

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கிள்ளானில் தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பவர். என்னைவிட வயதில் சிறியவர்தான், ஆனாலும் அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும். மேசையில் ஒரு பாக்கெட்டை வைத்தார். பச்சை நிறம், மூலையில் இரண்டு மல்லிகை மொட்டு.

"இந்த மொட்டு நான் வரைஞ்சது சார். ஒண்ணு கொஞ்சம் கத்திரிக்கா மாதிரி இருக்கும், அது பரவால்ல. பூச்சோங்ல பெரிய மாவுக்காரர் ஒருத்தர் இருக்காரு. எனக்கு லெட்டர் குடுத்துருக்காரு. இனிமே நான் அரைக்கிற மாவ அவரு பாக்கெட்டுலதான் போடணுமாம். என் பாக்கெட்ட நிறுத்திடணுமாம். சரின்னா மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். இல்லன்னா கிள்ளானுக்கு அவரே லோரி அனுப்புவாராம். உங்க கிளாஸு நாலு சனிக்கிழம. என் டைமும் அவ்வளவுதான். போடவா வேணாமா, அதச் சொல்லிக் குடுங்க சார், போதும்."

இரண்டு மொட்டுப் போட்ட பச்சை உறை மேசையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

நிபுணர் சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மையான ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதை வைத்தே கற்றுக்கொடுங்கள். "இதையே நம் பாடமாக வைத்துக்கொள்வோம்" என்றேன். பிறகு, வாய் சும்மா இருக்காமல், "அவரை எனக்குத் தெரியும். போன மாதம் அவருடைய மணிவிழாவுக்கு வாழ்த்துப்பா எழுதியதே நான்தான்" என்றேன்.

"ஐயோ, எனக்கும் கார்டு வந்துச்சு சார். அன்னிக்குன்னு பார்த்து கிரைண்டரு மக்கர் பண்ணிடுச்சு, போக முடியல."

"பாஸ் உள்ளாளு லா!" என்றார் டயர்க் கடைக்காரர்.

"அந்தக் கவிதையில அவரப் பத்தி ஏதாச்சும் இருக்குமா சார்?" என்று அக்கா கேட்டார்.

"சே சே. அது வாழ்த்துதான். தகவல் எதுவும் இருக்காது" என்றேன்.

கவனியுங்கள், இதைச் சொன்னது ஒரு கவிஞன். எழுத்தாளர் கூட்டங்களில் மைக்கைப் பிடித்து, கவிதை என்பது உண்மையின் உச்சம் என்று முழங்குகிறவன்.

அடுத்த வாரம் நான் களத்தில் இறங்கினேன். பூச்சோங்கில் அவருடைய மாவு விற்கும் மளிகைக் கடைகளுக்குத் தொப்பியும் குளிர் கண்ணாடியும் அணிந்து போனேன். நான்கு மணி மழை, வழக்கம்போல, யாரோ வாளியைக் கவிழ்த்தது போல் கொட்டியது. கடைக்குள் குளிர்பெட்டியின் முன் நின்றேன். கண்ணாடியில் ஆவி படிந்தது. என் கண்ணாடியிலும் படிந்தது. இரண்டையும் துடைத்துத் துடைத்து எண்ணினேன். நாற்பத்திரண்டு பாக்கெட். பூரித்து, பருத்து, நிறைமாதக்காரிகள் வளைகாப்புக்கு வரிசையாக உட்கார்ந்தது போல. என்ன செழிப்பு! குறிப்பேட்டில் அந்த உவமையையும் எழுதிக்கொண்டேன்.

"அங்கிள், ரொம்ப நேரமா கதவத் திறந்து வெச்சிருக்கீங்க. ஐஸ் போயிடும்" என்றார் கல்லாவில் இருந்த பெண். பிறகு உற்றுப் பார்த்து, "நீங்க மண்டபத்துல கவிதை படிக்கிறவருதானே? எங்க அக்கா கல்யாணத்துக்கும் படிச்சீங்க. ஏன் அங்கிள் கண்ணுல ஏதாச்சும் ஆப்பரேஷனா?" என்றார்.

வேவுக்காரன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சாட்சியை அழிக்க ஒரு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு வெளியேறினான். மாவு மறுநாள் காலையில் புளித்த ஏப்பம் போல இருந்தது. அதற்கும் நான் பொருள் தேடவில்லை. வீட்டுக் குளிர்பெட்டியைத்தான் திட்டினேன்.

மூன்றாவது சனிக்கிழமை என் வெற்றித் திருநாள். பலகை முழுக்க அம்புக்குறி. அவருடைய லோரிக்குப் புதுச் சாயம். பட்டறை வாசலில் புதுப் பெயர்ப்பலகை. ஆள் தேவை என்று விளம்பரம். குளிர்பெட்டி நிறையப் பாக்கெட். எல்லா அம்பும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தின: அவர் வளர்கிறார், கிள்ளானுக்கு வரப் போகிறார்.

"ஆகவே, கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது" என்று முடித்தேன். மார்க்கரின் மூடியை டக்கென்று மூடினேன். அந்தச் சத்தத்துக்காகவே முந்தின நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் பாக்கெட்டு?"

"உணர்ச்சி வேற, வியாபாரம் வேற அக்கா" என்றேன்.

அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. மழைக்கு உருகி, மைனாவுக்கு உருகி, கொமுட்டர் ரயில் ஜன்னலில் படிந்த தூசிக்குக்கூட உருகிக் கவிதை எழுதியவன், ஒரு பெண் தன் கையால் வரைந்த இரண்டு மொட்டுக்கு உருகவில்லை. கையில் மார்க்கர் இருந்தது, அதுதான் காரணம்.

அவர் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "சார், அந்த நாப்பத்திரண்டு பாக்கெட்டும் எப்படி இருந்துச்சு? தட்டையா இருந்துச்சா, உப்பியிருந்துச்சா?"

"நல்லா பூரிச்சு, பருத்து..." என்று என் உவமையை எடுத்துவிட்டேன்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த 'ஓ'வை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது சனிக்கிழமை அவர் வந்தபோது கையில் பெரிய டிபன் கேரியர். எல்லோருக்கும் இட்லி. "முதல்ல பசியாறுங்க, அப்புறம் சொல்றேன்" என்றார். தின்றுகொண்டே கேட்டோம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாவு பாக்கெட்டு கடையில நாள்பட்டுக் கெடந்தாதான் உப்பும். புதுசு தட்டையா இருக்கும். நாப்பத்திரண்டும் உப்பியிருந்துச்சுன்னா ஒண்ணும் விக்கலன்னு அர்த்தம். அதான் எனக்கு இடிச்சுச்சு. வளர்ற ஆளுன்னா ஏன் மாவு தேங்குது? சரி, கேட்டுடுவோம்னு ஞாயித்துக்கெழம அவரு வீட்டுக்கே போயிட்டேன்."

"வீட்டுக்கா?" என்றேன்.

"நீங்கதான சார் எழுதியிருக்கீங்க, மொதப் பக்கத்துல? பொய் சொல்லாத, யாருன்னு சொல்லிட்டுக் கேளுன்னு. அதோட, மணிவிழாவுக்குக் கார்டு வெச்சாங்க, நான் போகல. விசேஷத்துக்குப் போகலன்னா அப்புறமா ஒரு பழத்தட்டு வெச்சுப் பார்த்துட்டு வரணும்ல. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்னு போனேன்."

விதிகளை மொழிபெயர்த்தவன் நான். அவற்றைப் படித்தவர் அவர்.

"அவரு வீட்டம்மா டீத்தண்ணி கலக்க உள்ள போனாங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன். எதிர்ல, கடிகாரத்துக்குக் கீழ, உங்க கவிதை மாட்டியிருந்துச்சு சார்."

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"வேற வேல இல்லாததால படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி, தமிழ்ப் பள்ளி ஒப்புவித்தல் போட்டி போல நிமிர்ந்து நின்று வாசித்தார்:

"மாவரைத்த கைகளுக்கு மணிவிழா மாலை!
தென்கடல் தாண்டிய தீவினிலே பேரன்
தைமகள் வருமுன்னே தாத்தனைத் தழுவ,
பொங்கிய பானையைப் பிறர்கையில் தந்து
பறந்திடும் அன்னமே, வாழிய நீயே!"

நீல வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அவரு மகன் ஆஸ்திரேலியாவுலதான். பொங்கலுக்கு முன்னாடி பேரன்கிட்ட போயிடுவாரு, தொழில வேற ஆளு கையில குடுத்துடுவாருன்னு இருக்கு சார். நீங்கதான எழுதினீங்க?"

நான்தான் எழுதினேன். அந்தம்மா ஏழு நிமிடக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். சென்ட்ரல் நிலையத்தில் நின்றபடி கேட்டேன். மகன் அங்கேயே இருந்துவிட்டான், பேரன் பிறந்திருக்கிறான், இவருக்கும் முட்டி வலி, தைக்கு முன்னால் கிளம்பப் போகிறோம், தொழிலை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். எல்லாம் சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது கடலும் பேரனும் பானையும்தான். மூன்றும் நல்ல படிமங்கள். அவற்றுக்கு ஓர் அன்னப்பறவை குறைகிறதே என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

மண்டபத்தில் இதை மைக்கில் வாசித்தவனும் நான்தான். மண்டபம் நிறைய ஆட்கள், அவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். ஆனால் நான் முதல் வரியைத் தொடங்கியதும் வாழையிலை போட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வரியில் சாம்பார் வாளி வந்துவிட்டது. பானையைப் பிறர் கையில் தந்த வரியில் கேட்டது அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டுமே. முடித்ததும் கைதட்டினார்கள், முடித்துவிட்டதற்காக. ஆண்டறிக்கை இல்லாத ஊரில் ஒரு மனிதன் தன் தொழிலின் எதிர்காலத்தை என் வாய் வழியாக ஒலிபெருக்கியில் அறிவித்தான். எழுதி வாசித்தவன் உட்பட ஒரு ஆளும் அதைக் கேட்கவில்லை.

"அந்தம்மா தண்ணியோட வந்தாங்க. அக்கா, தைக்கு முன்னாடி கிளம்புறீங்களான்னேன். அட, மண்டபத்துலயே சொல்லிட்டமே, உனக்கு இப்பத்தான் தெரியுமான்னாங்க. அவரும் வந்து உக்காந்தாரு. அண்ணே, நான் ஒரு கிளாஸுக்குப் போறேன், உங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னாங்க, அதான் வந்தேன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் எல்லாத்தையும் அவரே சொன்னாரு. ஒரு பெரிய கம்பெனி வாங்கலாம்னு பார்க்குதாம். கிள்ளான் ஆளும் கையில இருந்தா நல்ல விலைக்குப் போகும்னுதான் எனக்கு லெட்டராம். லோரிக்குச் சாயம், போர்டு, ஆள் தேவை எல்லாம் அதுக்குத்தான். வீட்ட விக்கப் போறவரு சொவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி."

"கையெழுத்துப் போட்டிருந்தா?" என்று டயர்க் கடைக்காரர் கேட்டார்.

"யாருன்னே தெரியாத ஒரு கம்பெனிக்கு நான் மாவு அரைச்சிட்டு இருப்பேன். மொட்டு போயிருக்கும்" என்றார் அக்கா. சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கொஞ்ச நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பெரிய தண்டனை.

"அப்புறம்?" என்று டயர்க் கடைக்காரரே மறுபடி கேட்டார்.

"அண்ணே, நீங்க போறதுன்னா போயிட்டு வாங்க, ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். உங்க பூச்சோங் கடைங்களுக்கு நானே என் பாக்கெட்டுல மாவு குடுக்கறேன், புளிச்ச மாவத் திருப்பி எடுத்துக்கறேன், கடைக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லி வைங்கன்னு கேட்டேன். கம்பெனிக்காரங்க இன்னும் முடிவு சொல்லல, மாவும் தேங்குது, அவரு யோசிச்சாரு. அந்தம்மாதான், அந்தப் பொண்ணுகிட்ட நேரா பேசுங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல, லெட்டராம் லெட்டருன்னு ஒரு அதட்டு போட்டாங்க. மொதல்ல பாதிக் கடைங்களுக்குப் போட்டுப் பாருன்னுட்டாரு. அடுத்த வாரம் தொடங்குறேன்."

டயர்க் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாஸ், ஒரு டவுட்டு. நம்ம ரகசியம் எதையாச்சும் யாருக்கும் தெரியாம வெக்கணும்னா, உங்ககிட்ட குடுத்துக் கவிதையா எழுதிடலாமா?"

அறை வெடித்தது. நானும் சிரித்தேன். இந்த முறை சிரிக்கலாமா என்ற சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பயிற்றுநராக யாரும் அழைக்கவில்லை, நியாயம்தான். கையேட்டின் அடுத்த பதிப்புக்கு மொழிபெயர்ப்பு மட்டும் கேட்டார்கள். தகவல் கிடைக்கும் இடங்கள் என்ற பட்டியலில், ஆண்டறிக்கைக்கு மேலே, கேட்காமலே இரண்டு வரி சேர்த்தேன்: விசேஷங்களுக்குப் போங்கள், போக முடியாவிட்டால், பழத்தட்டோடு பிறகு போங்கள். நேராகக் கேளுங்கள். நிறுவனத்தில் யாரும் அதை நீக்கவில்லை. ஒருவேளை யாரும் படிக்கவில்லையோ என்னவோ.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, வகுப்பு முடிந்து, அவருடைய காலி கேரியரை நான் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் நிலையம் வரை நடந்தேன். பரிகாரம் என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கேரியர் தூக்குவது என்று மட்டும் நினைத்திருப்பார். நடைமேடையில் ஈரக்காற்று. தூரத்தில் கிள்ளான் ரயிலின் விளக்கு, மழைக்குள் ஒரு மஞ்சள் மொட்டு. பார்த்தீர்களா, திருந்தவே இல்லை.

"மன்னிச்சிருங்கக்கா. கையெழுத்துப் போடச் சொல்லிட்டேன்."

"விடுங்க சார். நீங்க எண்ணிட்டு வரலன்னா எனக்கு உப்புனது தெரிஞ்சிருக்காது." கேரியரை வாங்கிக்கொண்டார். ரயில் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே ஏறியவர் திரும்பினார். "சார், பூச்சோங்குக்கு மொத நாள் மாவு போறப்ப சின்னதா ஒரு பூச வெக்கிறேன். எல்லாக் கடைக்காரங்களும் வருவாங்க. எனக்கும் ஒரு வாழ்த்துப்பா எழுதிக் குடுங்க."

"என்னையா கேக்குறீங்க?" என்றேன். கண் கலங்கியது, மழைச்சாரல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவு மூடப் போவதற்கான மணி ஒலித்தது. அதற்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஆனா விஷயத்த மொத வரியிலயே சொல்லிடுங்க சார். எல போட ஆரம்பிச்சிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."